மஞ்சள் விளக்குக்கு எழுதிய பதில்

நாள் 212
08:40

பெட்டக நிலையம், நிழல் பள்ளம், நிலவின் தென்முனை. பதிவு எழுதுபவர் பெர்னதெத் பர்னாந்து, காப்பாளர். நிலையத்தில் ஆட்கள்: ஒருவர்.

நினைவு அடுக்குகள் பன்னிரண்டும் இயங்குகின்றன. அறை வெப்பம் 19 பாகை. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே 178. பள்ளத்தின் விளிம்பில் நிற்கும் சூரியத் தகடுகளிலிருந்து மின்சாரம் தடையின்றி வருகிறது. குடியிருப்புக்குச் செல்லும் முப்பத்தொரு கிலோமீட்டர் கேபிளில் கோளாறு இல்லை. பூமித் தொடர்பு இல்லை. செய்திகளைப் பூமிக்குக் கடத்தும் இடைக்கோள் நிலைதடுமாறிச் சுழலத் தொடங்கிப் பதினான்கு நாள் ஆகிறது. சரிசெய்ய இன்னும் மூன்று வாரம் ஆகும் என்று கடைசிச் செய்தியில் சொன்னார்கள்.

இதை யார் படிப்பார்கள் என்று தெரியாது. அதனால் சொல்லிவைக்கிறேன். இந்தப் பள்ளத்தில் வெயில் பட்டதே இல்லை. கணினிகளைக் குளிரவைக்கச் செலவில்லை என்பதால் பெட்டகத்தை இங்கே வைத்தார்கள். உள்ளே இருப்பது பழைய இணையத்தில் தமிழ் மக்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட பதில்கள். எந்த போன் வாங்கலாம், உயில் எழுதினால் பதிய வேண்டுமா, தங்கமா ஃபண்டா, இப்படி. அவற்றைக் கொண்டு ‘விடை’ என்ற இயந்திரம் குடியிருப்பில் உள்ள முந்நூற்றாறு பேருக்குப் பதில் சொல்கிறது.

நேற்று வந்த கேள்விகள் 1,146. வழக்கம்போல் இருபதை எடுத்துப் படித்தேன். பாளையங்கோட்டையில் வாடகைக்கு விட்ட வீட்டில் சுண்ணாம்பு அடிக்க அட்வான்சில் பிடிக்கலாமா என்று ஒருவர் கேட்கிறார். நிலவுக்கு வந்தும் அந்த வீடு அவரை விடவில்லை. கணவரிடம் பாஸ்வேர்டைச் சொல்ல வேண்டும் என்று சட்டம் இருக்கிறதா என்று இன்னொருவர். நாம் பேசுவதை போன் ஒட்டுக்கேட்கிறதா என்று வாரம் தவறாமல் ஐந்து பேராவது கேட்கிறார்கள். விடையும் வாரம் தவறாமல் ஆமாம் என்கிறது.

10:00

குரல் தொடர்பு. குடியிருப்பில் பராமரிப்பும் ரேடியோவும் சுயம்புலிங்கம் பார்க்கிறான். ஆறுமுகநேரிக்காரன். நான் தூத்துக்குடி. தினமும் இரண்டு வேளை பேசுவோம்.

“அக்கா, சாப்ட்டியளா? இங்க இன்னைக்கு இட்லின்னு ஒண்ணு போட்டாவ. செவுத்துல எறிஞ்சேன், திரும்பி வந்துட்டு. விடை எப்படி இருக்கு? கோமதி என்ன விட அதுகிட்டதான் கூட நேரம் பேசுதா.”

“அது எதுத்துப் பேசாதுல்லா, அதான்.”

“நான் மட்டும் எதுத்துப் பேசுதனாக்கும். நல்லா சொன்னிய போங்க.”

கோமதி அவன் மனைவி. பயிர்க்கூடத்தில் இரவுப்பணி. பகலில் மூன்றாம் கூடத்தில் உறங்குவாள்.

நாள் 213
09:05

அடுக்குகள் 12/12. வெப்பம் 19. கேள்விகள் 1,203.

தலைவலி பற்றிய கேள்விகள் 31. போன வாரம் நாளுக்கு ஏழு, எட்டு. திரையைக் குறைத்துப் பாருங்கள், தண்ணீர் குடியுங்கள், காபியை நிறுத்துங்கள் என்று விடை சொல்லியிருக்கிறது. தவறில்லை. காற்றில் ஈரம் குறைந்திருக்கலாம். குறித்துவைக்கிறேன்.

நாள் 214
09:15

தலைவலிக் கேள்விகள் 58. எங்கிருந்து வருகின்றன என்று பிரித்துப் பார்த்தேன். 51 மூன்றாம் கூடத்துப் படுக்கை எண்களிலிருந்து.

மூன்றாம் கூடம் இரவுப்பணிக்காரர்கள் பகலில் உறங்கும் இடம், கீழ்த்தளத்தில் தனியாக இருக்கிறது. அதற்குத் தனிக் காற்றுக் கருவி. நாம் விடும் மூச்சிலுள்ள கரிவளியை ஒரு டப்பா உறிஞ்சிக்கொள்ளும். டப்பா நிறைந்தால் மஞ்சள் விளக்கு எரியும். மாற்ற வேண்டும்.

10:40

சுயம்புவின் காலை அழைப்பைச் சுருக்கமாக முடித்தேன். தேடிக்கொண்டிருந்தது கிடைத்துவிட்டது.

நாள் 203. கேட்டவன் சுயம்புதான். “மூணாம் கூடத்துல காத்து மிசின்ல மஞ்ச லைட் எரியுது. டப்பாவ மாத்தணுமா, இல்ல கொஞ்ச நாள் ஓட்டலாமா?”

கருவியைச் செய்தவர்களின் கையேடு விடையிடம் இல்லை. அது உரிம ஒப்பந்தப்படி ஒவ்வொரு தடவையும் பூமியில் அனுமதி கேட்டுத்தான் திறக்கும். தொடர்பு போனதும் பூட்டிக்கொண்டது. ஆகவே விடை மக்கள் சொன்னதிலிருந்து எடுத்துச் சொல்லியிருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

“பயப்படாதீர்கள். மஞ்சள் விளக்கு நாட்களை எண்ணுகிறதே தவிரக் காற்றைச் சோதிப்பதில்லை. பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். மறுபடி வந்தால் மறுபடி அழுத்துங்கள். இது டப்பா விற்கும் தந்திரம். ஒரு பொருளை விற்றுவிட்டு, அதற்குத் தங்களிடமே உதிரி வாங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தச் சட்டத்தில் இடமில்லை. நான் இரண்டு வருடமாக இப்படித்தான் செய்கிறேன். ஒன்றும் ஆகவில்லை.”

‘தண்ணீரை’ என்று இருந்த இடத்தில் ‘காற்றை’ என்றும், ‘ஃபில்டர்’ என்று இருந்த இடத்தில் ‘டப்பா’ என்றும் மாற்றியிருக்கிறது. மற்றபடி ஒவ்வொரு வரியும் என்னுடையது.

11:20

எழுதிவிடுகிறேன்.

இருபத்தாறு வயதில் எம்.எஸ்ஸி. முடித்து வேலை இல்லாமல் வீட்டில் இருந்தேன். ‘வீட்டுக்கு வீடு’ என்று ஒரு தளம். அன்றாட விஷயங்களில் யாராவது கேள்வி கேட்பார்கள், தெரிந்தவர்கள் பதில் எழுதுவார்கள். நான் ‘முத்துநகர்க்காரி’. தண்ணீர் சுத்திகரிக்கும் கருவியில் மஞ்சள் விளக்கு எரிகிறது, ஃபில்டர் மாற்றக் கம்பெனியிலிருந்து தொல்லை செய்கிறார்கள் என்று ஒருவர் கேட்டிருந்தார். எனக்குக் கம்பெனிக்காரர்கள் மேல் ஒரு கோபம் இருந்தது. எழுதினேன். எங்கள் வீட்டுக் கருவி வாங்கி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. எட்டு மாதம் என்றால் எடுபடாது என்று இரண்டு வருடம் என்று போட்டேன்.

4,212 பேர் ‘பயனுள்ளது’ என்று அழுத்தினார்கள். என் பெயருக்குப் பக்கத்தில் ‘அனுபவஸ்தர்’ என்று ஒரு பட்டம் வந்தது. அந்த வருடத்தில் என்னை யாரும் எதற்காகவும் பாராட்டவில்லை. அந்தப் பட்டத்தை நாளுக்குப் பத்து முறை போய்ப் பார்ப்பேன்.

இரண்டு வருடம் கழித்துப் பென்னாகரத்திலிருந்து ஒரு பெண் என் பதிலுக்குக் கீழே எழுதினாள். “அக்கா, நீங்க சொன்ன மாதிரிதான் அமுக்கி அமுக்கி ஓட்டுனேன். எங்களுக்குப் போர் தண்ணி. இப்ப பாப்பாவுக்குப் பல்லெல்லாம் பழுப்பா இருக்கு, கால் வலிக்குதுன்னு அழுவுறா. டாக்டர் தண்ணியைக் கேட்டாரு. உங்க வீட்ல எப்படிக்கா ஒண்ணும் ஆகல?”

அந்தத் தளத்தில் ஒரு விதி. பதிலைத் திருத்தினால் அதுவரை வாங்கிய ‘பயனுள்ளது’ எல்லாம் பூஜ்யமாகிவிடும். அதனால் யாரும் பதிலைத் திருத்துவதில்லை. கீழே ‘திருத்தம்’ என்று தனியாக எழுதிவைப்பார்கள். எல்லோருக்கும் அது பழக்கம். நானும் எழுதினேன். “திருத்தம்: போர் தண்ணீர் உள்ளவர்கள் அழுத்த வேண்டாம், மாற்றிவிடுங்கள்.” அதற்குப் பதினொரு ‘பயனுள்ளது’. மேலே இருந்ததை நான் தொடவில்லை. 4,212 போய்விடுமே.

அவளுடைய கேள்விக்கும் நான் பதில் சொல்லவில்லை.

12:10

இன்னும் இருக்கிறது.

எட்டு வருடத்துக்கு முன் இந்தப் பெட்டகத்துக்குள் எது போக வேண்டும் என்று முடிவு செய்யும் குழுவுக்கு நான் தலைவி. கோடிக்கணக்கான கேள்விகள், இடம் கொஞ்சம். ‘ஒரு கேள்விக்கு ஒரு பதில். அதிகம் பேர் விரும்பியது எதுவோ அது. கீழே உள்ள உரையாடல்கள் வேண்டாம்’ என்று நான்தான் சொன்னேன். எவ்வளவு எளிமை என்று மேசையைத் தட்டினார்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த வேலை எனக்குக் கிடைத்தது.

திருத்தங்கள் எல்லாம் கீழேதான் இருக்கும் என்று அந்த அறையில் வேறு யாருக்கும் தெரியாமல் இருந்திருக்கலாம். எனக்குத் தெரியும். நானே எழுதியிருக்கிறேன். அப்போது அந்தப் பெண் நினைவுக்கு வந்தாளா என்று இவ்வளவு நேரமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். வந்தாள் என்றுதான் நினைக்கிறேன். இடம் இல்லை, என்ன செய்ய என்று அவளையும் சேர்த்துத்தான் விட்டேன்.

13:30

பெட்டகத்தில் அந்தப் பதிலை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். “டப்பாவை உடனே மாற்றவும்.” இனி யார் கேட்டாலும் இதுதான் வரும். யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவை இருக்காது என்று நினைக்கிறேன். அங்கே கரிவளியைக் காட்டும் மீட்டர் பச்சையில் இருந்தால் வெறும் தலைவலியோடு முடிந்துவிடும்.

16:00

“சுயம்பு, மூணாம் கூடத்துல மீட்டர் எவ்வளவு காட்டுது?”

“பச்சைக்கா. பச்சப்பசேல்னு வயக்காடு மாதிரி இருக்கு. ஏன் கேக்கிய?”

“டப்பாவ மாத்திப் பாரேன். சும்மா, ஒரு முன்னெச்சரிக்கைக்கு.”

“அக்கா, நீங்களும் கம்பெனிக்காரன் மாதிரியே பேசுதிய. விடையே வேண்டாம்னுட்டு. டப்பா மிஞ்சுனா வருசக் கடைசியில நாம எல்லாரும் பணம் போட்ட காத்துச் சங்கத்துப் பங்குல கூடுதலா லாபம் வரும்னு கூடத்துல எல்லாரும் கனவு கண்டுட்டு கெடக்காவ. இப்ப போயி மாத்துனேன்னு வைங்க, என்ன வெளிய தள்ளிக் கதவடச்சுருவாவ. அங்கியில்லாம.”

சிரித்தான். நானும் சிரித்தேன்.

ஏன் கேட்கிறேன் என்று அவன் கேட்டான். அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். “சும்மாதான்” என்றேன். மீட்டர் பச்சை என்று அவன் சொன்னதும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அதை விட மனமில்லை.

நாள் 215
09:00

அடுக்குகள் 12/12.

தலைவலி 96. அதை விடவும் வேறொன்று கவனிக்க வேண்டியதாக இருக்கிறது. ஒரே ஆள் ஒரே கேள்வியை மூன்று முறை கேட்கிறார், முன்பு கேட்டது நினைவில்லாமல். ‘இன்று என்ன கிழமை’ என்று நான்கு பேர். ஒருவர் பாதிக் கேள்வியோடு நிறுத்திவிட்டார்.

மஞ்சள் விளக்கைப் பற்றி நேற்று மாலை ஐந்தாம் கூடத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். விடை பழைய பதிலையே சொல்லியிருக்கிறது. நான் அழித்த பதிலை.

09:25

காரணம் தெரிந்துவிட்டது. பூமித் தொடர்பு போன பிறகு கேபிளின் சுமையைக் குறைக்க, பலரும் ‘பயனுள்ளது’ என்று சொன்ன பதில்களைக் குடியிருப்பிலேயே ஒரு பெட்டியில் முப்பது நாள் சேர்த்துவைக்க ஏற்பாடு செய்தோம். யோசனை என்னுடையது. இங்கே திருத்தினால் அங்கே மாறாது. ஒரு நாள் முழுக்க வீண்.

அதே மாதிரிக் காற்றுக் கருவி இந்த நிலையத்திலும் இருக்கிறது. என் அறையில், என் தலைக்கு மேலே. ஒருமுறைகூடக் கையேடு பார்த்ததில்லை. பின்பலகையில் ஒட்டியிருந்த குறிப்பைப் படித்தேன். பத்து விநாடி அழுத்தினால் நாட்கணக்கு மட்டும் மாறுவதில்லை. அந்த நேரத்தில் அறையில் இருக்கும் காற்றையே நல்ல காற்று என்று மீட்டர் புதிதாக ஏற்றுக்கொள்ளும். அதாவது புது டப்பா போட்டுக் காற்று சுத்தமான பிறகு அழுத்த வேண்டிய பொத்தான் அது. கெட்ட காற்றில் நின்று அழுத்தினால் கெட்ட காற்றே பச்சையாகிவிடும். மறுபடி அழுத்தினால் இன்னும் கெட்டது பச்சையாகும்.

மறுபடி வந்தால் மறுபடி அழுத்துங்கள்.

10:00

“சுயம்பு, மஞ்ச லைட்டுக்கு அந்தப் பொத்தான எத்தன தடவ அமுக்குன?”

“நாலு தடவ. மூணு நாளைக்கு ஒருக்க வருது. ஏங்கா குரலு ஒரு மாதிரி இருக்கு?”

“அந்த மீட்டர் பொய் சொல்லுது. பச்சைய நம்பாத. கூடத்துல எல்லாரையும் எழுப்பி வெளிய கொண்டு வா.”

“இருங்க. தலைவரம்மா பக்கத்துலதான் இருக்காவ.”

குடியிருப்பின் தலைவர் ஹாஜிரா பேகம். திருச்சியில் வக்கீலாக இருந்தவர். எதையும் சாசனத்தைப் பார்த்துத்தான் செய்வார்.

“சொல்லுங்க மேடம். விடை ஒண்ணு சொல்லுது, நீங்க ஒண்ணு சொல்றீங்க. எதை வச்சு நான் நாப்பத்துநாலு பேரத் தூக்கத்துல எழுப்புறது? உறங்குற கூடத்த மூடணும்னா கூடத்துக்காரங்க ஓட்டு வேணும். ரெண்டு மணிக்குக் கூட்டம் வைக்கிறேன்.”

“ரெண்டு மணி வரைக்கும் தாங்காது.”

“அது எப்படி உங்களுக்குத் தெரியும்? இத்தனை வருஷமா அந்தப் பெட்டகம் தப்பே சொல்லாதுன்னு நீங்கதானே சொல்லிட்டிருந்தீங்க?”

“பழைய பதிவுல ஒரு தப்பு இருக்கு. தரவுல வந்த பிழை.”

தரவில் வந்த பிழை. யாரும் எழுதாமல் தானாக முளைத்தது போல.

“அக்கா, நேராச் சொல்லுங்க. கோமதி உள்ள படுத்திருக்கா.”

“அங்கிகள் வைக்கிற அறையில கைமீட்டர் ஒண்ணு இருக்கும். அதுல யாரும் பொத்தான அமுக்கிருக்க மாட்டாங்க. அத எடுத்துக்கிட்டுக் கூடத்துக்குப் போ. மூச்சுக் கவசம் போட்டுக்கிட்டுப் போ.”

“சுயம்பு, கூட்டம் முடியட்டும். நாம அவசரப்பட்டு—”

“நீங்க கூட்டத்த நடத்துங்கம்மா. நான் போயிட்டு வந்துருதேன்.”

10:52

அவன் ரேடியோவை இடுப்பில் மாட்டிக்கொண்டு போயிருக்கிறான். கேட்டதை எழுதுகிறேன்.

“அக்கா. கதவத் தொறந்துட்டேன். கரிவளி நூத்துக்கு ஆறு புள்ளி ரெண்டு காட்டுது, ஒண்ணத் தாண்டக் கூடாது. வாசல்லயே. இங்க மிசின்ல பச்சையா எரியுது. என்னக்கா இது.”

“விசிறி எல்லாம் கம்மியா வச்சிருக்காவ. சத்தம் இல்லாம தூங்கணும்னு. கீழ்த்தட்டுப் படுக்கைல பதினொண்ணு. பதினொண்ணுக்கா.”

“எய்யா, எந்திரிங்க. எல்லாரும் எந்திரிங்க. ஏய் வேலு, அவரப் பிடி.”

“ஏளா. கோமதி. ஏளா, எந்திரி. வெளாடாத.”

அதற்குப் பிறகு பதினாறு நிமிடம் ரேடியோ திறந்தே இருந்தது. கேட்டேன். அதை எழுதப்போவதில்லை.

13:15

ஹாஜிரா பேகத்தின் குரலில் அறிவிப்பு. நாற்பத்துநாலு பேரில் நாற்பத்திரண்டு பேர் வெளியே வந்துவிட்டார்கள். ஒன்பது பேருக்கு மூச்சுக் கவசம் போட்டிருக்கிறது, பிழைத்துக்கொள்வார்கள். கடைசி வரிசைக் கீழ்த்தட்டில் இருவர் எழவில்லை. வெல்டர் அந்தோணி குரூஸ். பயிர்க்கூடத்துக் கோமதி சுயம்புலிங்கம்.

“டாக்டர் ஒன்பது மணி வாக்குல போயிருக்கும்னு சொல்றாரு. ஏழு மணிக்குப் படுத்திருக்காங்க.”

ஒன்பது மணி. அடுக்குகள் பன்னிரண்டில் பன்னிரண்டு என்று நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

16:20

சுயம்பு அழைக்கவில்லை. அழைக்கமாட்டான் என்று தெரிந்தும் பதினாறு மணிக்கு ரேடியோவைப் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

குடியிருப்பிலிருந்த பதில் பெட்டியைத் துடைத்துவிட்டார்கள். விடையை நிறுத்தவில்லை. வேறு கேட்க ஆள் இல்லை என்றார் ஹாஜிரா. இனி ஒவ்வொரு பதிலும் என் கைக்கு வந்து, நான் ‘அனுப்பு’ என்று அழுத்தினால்தான் போகும்.

நேற்று இதே நேரம் அவன் ‘ஏன் கேக்கிய’ என்று கேட்டான். கோமதி படுக்கப் போகப் பதினைந்து மணி நேரம் இருந்தது. டப்பா மாற்ற இருபது நிமிடம்.

நாள் 216
09:40

அடுக்குகள் 12/12. வெப்பம் 19. எல்லாம் நன்றாக இருக்கிறது. இந்த நிலையத்தில் எதுவும் கெட்டுப்போவதே இல்லை.

கேள்விகள் 340. இரண்டு பேர் இறந்த ஊரில் மறுநாள் முந்நூற்று நாற்பது கேள்விகள். இறந்தவரின் பங்கு மனைவிக்குப் போகுமா, மகனுக்குப் போகுமா. துக்க வீட்டில் காணொலி எடுத்து வலைப்பக்கத்தில் போடலாமா. காற்றுச் சங்கத்தில் பங்கை இப்போதே விற்றுவிடுவது நல்லதா, பொறுத்திருப்பது நல்லதா. விடை ஒவ்வொன்றுக்கும் பதிலைக் கொண்டுவந்து நீட்டுகிறது. எதிலும் தடுமாற்றம் இல்லை. ஒவ்வொன்றையும் படிக்கிறேன். இதை எழுதியவர் யார், எத்தனை மாதத்தை எத்தனை வருடம் என்று போட்டார், கீழே யார் வந்து அழுதார்கள் என்று யோசிக்கிறேன். தெரிந்துகொள்ள வழியில்லை. கீழே இருந்ததையெல்லாம் நான்தான் வெட்டிவிட்டேனே.

எண்பது பதில்களுக்கு மேல் அனுப்ப முடியவில்லை. மற்றவற்றுக்கு ‘தெரியவில்லை’ என்று எழுதினேன். கோபமாகத் திருப்பி எழுதுகிறார்கள். தெரியாது என்று சொல்ல ஒரு இயந்திரம் எதற்கு என்கிறார்கள்.

15:00

ஹாஜிரா பேகம்.

“விசாரணைக் குறிப்பு எழுதணும் மேடம். தொடர்பு வந்ததும் பூமிக்குப் போகணும். மீட்டர் பழுது, பராமரிப்பாளர் கவனக்குறைவுன்னு போட்டிருக்கேன். பட்டன அமுக்கினது நான்தான்னு சுயம்புவே எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டாரு. சாப்பிடவே மாட்டேங்கிறாரு பாவம். உங்க பக்கத்துல சேர்க்க ஏதாவது இருக்கா?”

“இப்போதைக்கு இல்லை.”

“எதையும் மனசுல போட்டுக்காதீங்க. நீங்க கண்டுபிடிச்சதாலதான் நாப்பத்திரண்டு பேர் இருக்காங்க. அதையும் குறிப்புல போட்டிருக்கேன்.”

நன்றி என்றேன். நன்றி என்று சொன்னேன், வேறொன்றும் சொல்லவில்லை. இதைப் படிப்பவர் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி. அந்த வார்த்தையை நான் சொன்ன மாதிரியே இங்கே வைத்திருக்கிறேன்.

நாள் 217
11:05

கேள்வி எண் 88. பராமரிப்பு அறையிலிருந்து. ரேடியோ இருக்கிறது. என்னிடம் பேசியிருக்கலாம். பேசவில்லை. இயந்திரத்திடம் எழுதியிருக்கிறான்.

“மூணாம் கூடத்துல பட்டன அமுக்குனது நான். நாலு தடவ. என் பொண்டாட்டியும் இன்னொருத்தரும் செத்துட்டாவ. கேஸ் என் மேல வந்தா வரட்டும். அது கேக்கல. தப்பு என்னதுதானா? அத மட்டும் சொல்லு.”

விடை கொண்டுவந்து நீட்டிய பதில் இது.

“ஆம். இணையத்தில் யார் எதைச் சொன்னாலும் சரிபார்த்துச் செய்ய வேண்டியது செய்பவரின் பொறுப்பு. கருத்துச் சொன்னவர் மீது சட்டப்படி எந்த நடவடிக்கையும் எடுக்க முடியாது. தவறு உங்களுடையதே.”

9,870 பேருக்குப் பயனுள்ளதாக இருந்திருக்கிறது. கீழே இரண்டு பொத்தான்கள். அனுப்பு. நிறுத்து.

சட்டம் அப்படித்தான் இருக்கக்கூடும். எனக்குத் தெரியாது. அனுப்பு என்று அழுத்தினால் இது முடிந்துவிடும். குறிப்பு பூமிக்குப் போகும். நாற்பத்திரண்டு பேரைக் காப்பாற்றியவள் என்று இருக்கும். யாரும் எதையும் கேட்கமாட்டார்கள், கேட்கக்கூடிய ஒரே ஆளும் இந்தப் பதிலைப் படித்துவிட்டு

விரலை வைத்துவிட்டேன். வைத்தேன் என்பதையும் எழுதுகிறேன்.

11:31

நிறுத்தினேன். கையால் எழுதி அனுப்பினேன். நகல் இது.

“சுயம்பு, இது விடை இல்ல. பெர்னதெத் எழுதுறேன். தப்பு உன்னுது இல்ல. பட்டன அமுக்கச் சொன்ன அந்தப் பதில எழுதுனது நான். இருபது வருசத்துக்கு முன்னால, தண்ணி மிசினுக்கு. ரெண்டு வருசமா ஒண்ணும் ஆகலன்னு போட்டது பொய். அது தப்புன்னு ஒரு பொண்ணு வந்து சொன்னா. அவ சொன்னத வெட்டிட்டு என் பொய்ய மட்டும் பெட்டகத்துல வச்சதும் நான்தான்.

தெரியாம நடந்துட்டுன்னு நினைக்காத. முந்தாநாளுக்கு முந்தின நாள் நாலு மணிக்கு, ஏன் கேக்கியன்னு நீ கேட்டல்லா, அப்பமே எனக்குத் தெரியும். கோமதி அன்னைக்கு எழுந்து வேலைக்குப் போயிட்டா. மறுநாள் காலைல ஏழு மணிக்குத்தான் படுத்தா. நடுவுல நான் வாயத் திறக்கல. எழுதுனது நான்னு தெரிஞ்சிருமேன்னு திறக்கல. வேற ஒரு காரணமும் இல்ல.

நீ கையெழுத்துப் போட்டத திருப்பி வாங்கு. இத தலைவருக்கும் அனுப்பிட்டேன்.”

11:33

படித்துவிட்டான் என்று திரை காட்டுகிறது.

11:58

ஹாஜிரா பேகம் இருமுறை அழைத்தார். எடுத்தேன். “உண்மையா?” என்றார். உண்மை என்றேன். அப்படியானால் குறிப்பைத் திருத்தி எழுதுகிறேன் என்று தொடர்பைத் துண்டித்தார்.

12:20

குடியிருப்பிலிருந்து கேபிளில் தானியங்கி வரி ஒன்று வந்திருக்கிறது. வண்டிக்கூடத்து வெளிக்கதவு திறப்பு. வண்டி ஒன்று. ஆள் ஒருவர். பயண அனுமதி பதியப்படவில்லை. திசை: நிழல் பள்ளம்.

இங்கே வந்துசேர ஐந்து மணி நேரம் ஆகும்.

12:45

ஹாஜிரா பேகம் மறுபடி.

“சுயம்புதான் கிளம்பிட்டாரு. யார் கூப்பிட்டும் நிக்கல. என்ன நினைச்சுக்கிட்டு வர்றாருன்னு தெரியல. உள்கதவப் பூட்டிக்கங்க மேடம். பின்னாடியே ரெண்டு பேர அனுப்புறேன். அவங்க வர்ற வரைக்கும் திறக்காதீங்க.”

சரி என்று சொல்லவில்லை. அனுப்ப வேண்டாம் என்றேன்.

17:10

அடுக்குகள் 12/12. வெப்பம் 19. கேள்விகள் 212 தேங்கி நிற்கின்றன. எதற்கும் பதில் அனுப்பவில்லை.

வெளிக் கேமராவில் வண்டியின் வெளிச்சம் தெரிகிறது. விளிம்பிலிருந்து இறங்குகிறது. மெதுவாகத்தான் ஓட்டுகிறான்.

17:34

வண்டி நின்றுவிட்டது. இறங்கவில்லை. ரேடியோவில் அவன் குரல், இரண்டு நாளைக்குப் பிறகு.

“அக்கா, கதவு பூட்டியிருக்கா?”

“இல்ல.”

“தலைவரம்மா பூட்டச் சொல்லலியா?”

“சொன்னாங்க.”

வெளிக்கதவு திறக்கிறது. இடையறையில் காற்று நிரம்ப நான்கு நிமிடம் ஆகும். இந்தப் பதிவேட்டை மூடாமல் திறந்தபடியே மேசையில் வைக்கிறேன். அவன் படிக்க வேண்டும் என்றால் படிக்கட்டும். 214ஆம் நாள், பதினாறு மணி. அந்தப் பக்கத்தை மேலே திருப்பி வைத்துவிட்டு, உள்கதவைத் திறக்கப் போகிறேன்.